கிழக்கு அறையின் நட்டஈடு

மீசாலை வடக்கு,
03.06.2025

அன்பு மகள் அருந்ததிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ, மருமகன் கஜீபன், பேத்தி டிலக்ஷி மூவரும் கனடாவில் ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டீர்கள். உடம்பு இனிப் பழகியிருக்கும்.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் கதைத்ததை நாளைக்கு ‘அப்பா அப்பிடிச் சொல்லேல்லை’ என்று மாற்றலாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சட்டத்தைச் சாவகச்சேரிக் கோட்டு வாங்கில் குந்தியிருந்து கேட்டுக் கேட்டுப் படித்தேன். எழுத்துக்கு இருக்கிற பலம் எனக்குத் தெரியும். அதனால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். நீயும் எழுத்தில் பதில் தா.

விசயம் இதுதான். ஜனவரி மாதம் எங்கள் ஒழுங்கைப் பாதைக்குக் கொங்கிறீற் போட வந்த ஒப்பந்தகாரனின் ரிப்பர் லொறி பின்பக்கமாக வந்து கிழக்கு அறையை இடித்தது உனக்குத் தெரியும். வழக்குக்குப் போகாமல் பங்குனியில் இணக்கத்துக்கு வந்து இருபத்தெட்டு இலட்சம் தந்தான். அதை இந்த வருட வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். படிவம் இப்போது கணினியிலாம். நீ கொழும்பில் கணக்காய்வுக் கந்தோரில் வேலை செய்தபோது என்னைப் பதிந்துவிட்டுக் கடவுச்சொல்லையும் கையோடு கொண்டுபோய்விட்டாய்.

எழுத வேண்டிய வசனம்: ‘எனக்குச் சொந்தமான கிழக்கு அறைக்கு ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமான நட்டஈடு, முழுத்தொகை, வரியற்றது.’ ஒரு சொல்லும் கூடவோ குறையவோ கூடாது.

அந்த அறை ஒழுங்கைக்குள் மூன்றரை அடி தள்ளி நிற்கிறது என்று எதிர்வீட்டு உதயகலா பதினொரு வருடமாகப் பிரதேச சபைக்குப் பெட்டிசம் அடிக்கிறாள். போன கார்த்திகையில் இடிக்கச் சொல்லி அறிவித்தலும் வந்தது. வரித் திணைக்களம் அது என் அறை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அதே அரசாங்கத்தின் சபை அது ஒழுங்கை என்று சொல்லட்டும் பார்ப்போம்.

அம்மா குளியலறையில் விழுந்த கால் ஆறி வருகிறது. யோசிக்காதே.

அப்பா,
க. ஆழ்வாப்பிள்ளை


ஸ்காபரோ,
22.06.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் மூவரும் நல்ல சுகம். எங்கள் அகதி வழக்குக்கு இன்னும் தவணை வரவில்லை. அது முடியும்வரை இந்த நாட்டை விட்டு அசைய ஏலாது.

படிவத்தை நான் நிரப்புகிறேன். கவலை வேண்டாம். ஆனால் அப்பா, வரிப் படிவம் காணி உறுதி இல்லை. நீங்கள் என்ன எழுதினாலும் திணைக்களம் அளந்து பார்க்க வராது. சபையும் அதைப் பார்த்துப் பயப்படாது. உடைந்த சுவருக்குக் கிடைத்த காசு வருமானமே இல்லை. வங்கியில் இருக்கிற தொகை எப்படி வந்தது என்று சொத்து விபரத்தில் ஒரு வரி விளக்கினால் போதும்.

இணக்கப் பத்திரத்தின் பிரதியும், மேசனின் திருத்தச் செலவுக் கணக்கும் அனுப்புங்கோ.

அம்மாவோடு கதைத்து ஐந்து மாதமாகிறது. எத்தனை தரம் அடித்தும் ஒருவரும் எடுக்கிறீர்கள் இல்லை. காலுக்கு மருந்து கட்டக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறீர்களா? அவவுக்குச் சீனி வருத்தம், சிறு புண்ணையும் விடக்கூடாது.

அன்புடன்,
அருந்ததி


மீசாலை வடக்கு,
12.07.2025

அன்பு மகளுக்கு,

இருவரும் சுகம். அவ்விடத்துச் சுகமும் அறிந்தேன்.

காணி உறுதிக்கும் வரிப் படிவத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். நீ பல்கலைக்கழகத்தில் படித்தாய் என்பதற்காக எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். ஒவ்வொரு தாளாகச் சேர்த்துத்தான் எல்லை உறுதியாகும்.

கேட்டவை இத்துடன். மேசன் ஐந்து இலட்சத்து நாற்பதாயிரம் என்று எழுதித் தந்திருக்கிறான். அறையை இன்னும் கட்டவில்லை. எல்லைப் பிரச்சினை முடியட்டும்.

போன் பழுது. திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவின் வலது காலில் இரண்டு விரல் எடுத்தார்கள். சீனி வருத்தக்காரருக்கு இது வழமையாம். சாப்பிடுகிறா, நித்திரை கொள்ளுகிறா.

அப்பா


ஸ்காபரோ,
29.07.2025

அன்புள்ள அப்பா,

விரல் எடுத்ததை இப்படி மூன்று வரியில் எழுதுவீர்களா? கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அம்மாவின் குரலை ஒருக்கால் கேட்டால் போதும். பக்கத்தில் யாருடைய போனையாவது வாங்கிக் குடுங்கோ.

இணக்கப் பத்திரத்தில் முதலாம் பக்கமும் மூன்றாம் பக்கமும்தான் இருக்கின்றன. இரண்டாம் பக்கம் எங்கே?

இன்னொன்று. அறையைத் திருத்த ஐந்தரை இலட்சமும் ஆகாது. ஒப்பந்தகாரன் இருபத்தெட்டு இலட்சம் தந்திருக்கிறான். இப்படி ஐந்து மடங்கு தருகிற ஒப்பந்தகாரனை நான் ஒரு கணக்கிலும் கண்டதில்லை. சேதத்துக்கு மேலே கிடைத்ததை இலாபம் என்று எடுத்து வரி கேட்கலாம். யாருக்காவது காயம் பட்டு, அதற்கும் சேர்த்துத் தந்திருந்தால் அந்தப் பங்குக்கும் வரி இல்லை. அதைப் பிரித்துக் காட்டினால் எல்லாம் நேராகிவிடும். ஆனால் அப்படிக் காட்டினால் ‘மட்டும்’ என்ற சொல் வசனத்தில் நிற்க ஏலாது.

யாருக்காவது காயம் பட்டதா அப்பா?

ரிப்பர் இடித்தது ஜனவரி ஒன்பதாம் தேதி என்று பத்திரத்தில் இருக்கிறது. அம்மா குளியலறையில் விழுந்தது எந்தத் தேதி?

அருந்ததி


மீசாலை வடக்கு,
21.08.2025

மகள் அருந்ததிக்கு,

சுகம். நீங்களும் அவ்வாறே என நம்புகிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில். ஒன்று, இரண்டாம் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. இரண்டு, காயம் பற்றி அந்தப் பத்திரத்தில் ஒருவரும் எதுவும் கோரவில்லை. மூன்று, வரி கேட்டால் கட்டுவேன். அது என் காசு. நான்கு, விழுகிறவர்கள் தேதி பார்த்து விழுவதில்லை.

உதயகலாவின் தகப்பன் என் தகப்பனை நீதவானுக்கு முன்னால் ‘கைநாட்டு’ என்று சொல்லிச் சிரித்தவன். நான் அப்போது ஒன்பது வயதுப் பெடியன், அப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு இழந்தது இரண்டு பரப்புக் காணி. அவனுடைய மகளுக்கு இன்னும் மூன்றரை அடி விட்டுக்கொடுத்துவிட்டு நான் சாகமாட்டேன். நீ என் வயிற்றில் பிறந்திருந்தால் இது உனக்கு விளங்கியிருக்கும். உன் தாயின் வயிற்றில் பிறந்தாய், அவளைப் போலக் கேள்விதான் கேட்கிறாய்.

தாயில் அவ்வளவு அக்கறை என்றால் பிளேன் ஏறி வா. வந்தால் உன் அகதி வழக்கு என்னவாகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் உயிருக்கு ஆபத்து என்று அங்கே எழுதிக் கொடுத்தவள் நீ. உன்னை இங்கே ஒரு நாய் கூடக் குரைத்ததில்லை. அவ்வளவு பெரிய பொய்யைக் கூசாமல் எழுதிய கைக்கு என் ஒரு வசனம் ஏன் பாரமாக இருக்கிறது?

போன் திருத்த முடியாதாம். அம்மாவும் உன்னோடு கதைக்க விரும்பவில்லை.

படிவத்துக்குக் கடைசி நாள் நவம்பர் முப்பது என்கிறார்கள். தவறினால் தண்டம்.

க. ஆழ்வாப்பிள்ளை


ஸ்காபரோ,
06.09.2025

மதிப்புக்குரிய உதயகலா அக்காவுக்கு,

ஆழ்வாப்பிள்ளையின் மகள் அருந்ததி எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும்.

பதினொரு வருடமாக உங்கள் கேற்றைத் தாண்டும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தவள் நான். இப்போது கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்பா சண்டை பிடிக்காத வேறு ஒரு வீடும் அந்த ஒழுங்கையில் இல்லை. எங்கள் சொந்தக்காரர்களோடும் கதை இல்லை.

எங்கள் அம்மாவைக் காண்கிறீர்களா? காலில் இரண்டு விரல் எடுத்ததாக அப்பா எழுதியிருந்தார், இப்போது எப்படி இருக்கிறா? ஜனவரி ஒன்பதாம் தேதி அவ எங்கே நின்றா?

என் போன் இலக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நேரமும் எடுக்கலாம்.

பணிவுடன்,
அருந்ததி


மீசாலை வடக்கு,
24.09.2025

தங்கச்சி அருந்ததிக்கு,

உதயகலா எழுதுறன். எனக்கு முழங்கால் நோவைத் தவிர வேறை குறை இல்லை. உம்மடை பிள்ளை சுகமோ?

கடிதத்திலை உம்மடை பேரைக் கண்டதும் அடுப்புக்குள்ளை போடத்தான் எழும்பினன். பிறகு வாசிச்சன். போனிலை சொன்னால் உம்மை ஏசிப்போடுவன், அதுதான் எழுதுறன்.

சபையின்ரை அறிவித்தல் வந்த கிழமையே உம்மடை கொப்பர் அம்மான்ரை கட்டிலைத் தூக்கிக் கிழக்கு அறைக்குள்ளை போட்டவர். ஒழுங்கையிலை நிண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னவர், ‘ஆள் படுத்திருக்கிற அறையை எவன் இடிக்கிறான் எண்டு பாப்பம்.’ சொன்ன மாதிரியே சபை வரேல்லை. ரிப்பர் வந்தது. அந்த அறை நீட்டிக்கொண்டு நிக்கிற இடத்திலைதான் ஒழுங்கை ஒடுக்கம். திருப்ப ஏலாமல் கொண்டுபோய்க் குத்தினவன். மத்தியானம் ரெண்டரை மணி. அம்மா படுத்திருந்தவ. சுவர் ரெண்டு காலுக்கும் மேலை.

நான் ஓடிப் போனன். உம்மடை கொப்பர் கேற்றிலை நிண்டு, ‘கால் வைக்காதை, இது என்ரை காணி’ எண்டார். உள்ளை அவ ‘பிள்ளை உதயா’ எண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. பதினொரு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் என்ரை பேரைச் சொன்னவ. றைவர் பெடியனும் ரெண்டு கூலியாக்களும்தான் கல்லைக் கிளப்பி எடுத்தவை.

ஆஸ்பத்திரியிலை குளியலறையிலை வழுக்கினதெண்டு குடுத்திருக்கிறார். விபத்தெண்டு சொன்னால் பொலிஸ் வந்து நாடா பிடிச்சு ஒழுங்கையை அளக்கும். அளந்தால் அந்த மூண்டரை அடி எழுத்திலை வந்திடும். ஒப்பந்தகாரனுக்கும் அது நல்லது, றைவரிலை வழக்கு இல்லை. ஆரோடையும் ஒத்துப்போகாத மனிசன் அவனோடை மட்டும் ஒத்துப்போச்சு.

விரல் எண்டோ உமக்கு எழுதினவர்? ஆவணியிலை வலது காலை முழங்காலுக்கு மேலை எடுத்தாச்சு. ரெண்டு தரம் கஞ்சி கொண்டு போனன், கேற் பூட்டு. போன வியாழன் ஓட்டோ ஒண்டிலை அவவை ஏத்திக்கொண்டு போனார். எங்கையெண்டு தெரியாது. அண்டையிலையிருந்து வீடு இருட்டு.

மூண்டரை அடியை நான் விட்டிருந்தால் அவ இண்டைக்கு நடந்திருப்பா எண்டு சில நேரம் யோசிக்கிறன். பிறகு, நான் ஏன் விடவேணும் எண்டும் யோசிக்கிறன்.

கண்டதைக் கோட்டிலை வந்து சொல்லுவன். ஆனால் வழக்கை நீர்தான் போடவேணும். என்ரை வாயை ஆர் நம்புவினம்? பெட்டிசக்காரி எண்டுதான் பேர்.

உதயகலா


ஸ்காபரோ,
08.10.2025

அப்பாவுக்கு,

ஜனவரி ஒன்பதாம் தேதி நடந்தது எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்க வேண்டாம், ஊகிப்பீர்கள். கட்டிலை யார் தூக்கிப் போட்டது என்பதும் தெரியும்.

உங்களை ஏசி நாலு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் அம்மாவுக்கு ஒன்றும் கிடைக்காது. எனவே உங்களுக்கு விளங்குகிற மாதிரி எழுதுகிறேன்.

உங்கள் வசனத்தை ஒரு சொல்லும் பிசகாமல் படிவத்தில் போடுகிறேன். ‘மட்டும்’ இருக்கும். ‘எனக்குச் சொந்தமான’ இருக்கும். காயத்தைப் பற்றி ஒன்றும் இருக்காது. வழக்கும் போடமாட்டேன்.

பதிலுக்கு இரண்டு விசயம் கேட்கிறேன். அம்மாவை ஒரு நல்ல நிபுணரிடம் காட்ட வேண்டும். அம்மாவின் கையில் ஒரு போன் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம், நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டாலும் பரவாயில்லை, நான் அவவோடு கதைக்க வேண்டும். என் வழக்கு முடிந்த அடுத்த நாளே வந்து கூட்டிக்கொண்டு போவேன்.

அறையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கோ. அம்மாவை எனக்குத் தாங்கோ.

அருந்ததி


தெல்லிப்பழை,
24.10.2025

அன்பு மகள் அருந்ததிக்கு,

நான் சுகம். மருமகனையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல்.

மீசாலைக்கு வந்த உன் கடிதத்தைத் தபால்காரனிடம் நேற்றுத்தான் போய் எடுத்தேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு முதற்தரமாக நீ என் மகள் மாதிரி எழுதியிருக்கிறாய். கண்ணீர் விடாமல் பேரம் பேசியிருக்கிறாய். எனக்கு அது பிடித்திருக்கிறது.

புரட்டாதியிலேயே அம்மாவை இங்கே கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வாடகைக்கு ஓர் அறை எடுத்து, ஒரு மனிசியையும் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தேன். நிபுணரும் பார்த்தார். உன் முதலாவது நிபந்தனையை நீ கேட்க முன்னமே நிறைவேற்றிவிட்டேன்.

மற்ற நிபந்தனையைப் படிவம் போன பிறகு கதைப்போம். திணைக்களம் ஏற்றுக்கொண்டதற்கான பத்திரத்தின் பிரதி முதலில் என் கைக்கு வர வேண்டும். படிவத்தை நிரப்பியவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போடு. சொத்து விபரத்தில் அறையின் அளவு பன்னிரண்டுக்குப் பத்து என்று இருக்க வேண்டும்.

கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பு. சாதாரணத் தபால் பிந்தும்.

அப்பா


ஸ்காபரோ,
09.11.2025

அன்புள்ள அப்பா,

படிவம் ஏழாம் தேதி போய்விட்டது. ஏற்றுக்கொண்ட பத்திரம் இத்துடன் இருக்கிறது. வசனத்தைப் பாருங்கோ, நீங்கள் சொன்னதுதான். அளவும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. ஒன்பது வருடம் கந்தோரில் வேலை செய்தேன், தெரிந்துகொண்டு ஒரு பொய்யில் என் பெயரைப் போட்டதில்லை. இது முதல்.

உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். அம்மா இப்போது எப்படி என்று ஒரு வரியும் இல்லை. எழுத மறந்துவிட்டீர்கள் என்று கஜீபன் சொல்கிறார். நீங்கள் ஒன்றும் மறக்கிற ஆள் இல்லை.

இந்தமுறை கடிதம் வேண்டாம். போன் எடுங்கோ. அம்மாவால் கதைக்க ஏலாவிட்டால் போனை அவவின் காதில் வைத்தால் போதும், நான் கதைப்பேன். டிலக்ஷி நாலு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறாள், ‘அம்மம்மா, நான் பள்ளிக்கூடம் போறன், எனக்குப் பல்லு விழுந்திட்டுது.’ அதை மட்டும் கேட்கவிடுங்கோ.

அருந்ததி


மீசாலை வடக்கு,
29.11.2025

அன்பு மகள் அருந்ததிக்கு,

நான் சுகம். உன் கடிதமும் பத்திரமும் இருபத்தோராம் தேதி பழுதில்லாமல் வந்தன. வசனம் சரி.

மூன்று பிரதி எடுத்து ஒன்றைப் பிரதேச சபையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்கினேன். ‘ஐயா, இது காணி உறுதி இல்லையே’ என்றாள் அங்கே இருந்த பிள்ளை. ‘இல்லை எண்டதை எழுத்திலை தாரும் பிள்ளை’ என்றேன். தரவில்லை. வரும்போது உதயகலா கேற்றில் நின்றாள். அவளுக்கும் ஒரு பிரதியைக் கொடுத்தேன். வாசித்தாள். கீழே உன் பெயரைக் கண்டதும் மடித்து என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா ஐப்பசி மாதம், 17.10.2025 வெள்ளிக்கிழமை விடிய, தெல்லிப்பழையில் காலமானா. புண்ணின் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கிரியைகளை அங்கேயே செய்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் கீரிமலையில் முடிந்துவிட்டது. ஊருக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் கதை வரும்.

சென்ற கடிதத்தை எழுதும்போது அவவின் எட்டாம் நாள். அதிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ படிவத்தை நிரப்பியிருக்கமாட்டாய்.

மரணச் சான்றிதழில் சீனி வருத்தம் என்று இருக்கிறது. இனி உதயகலாவின் பேச்சைக் கேட்டு நீ வழக்கென்று வெளிக்கிட்டால், காசு முழுக்க அறைக்கு மட்டும்தான் என்று நீயே எழுதிப் பெயரும் போட்ட படிவத்தை நான் காட்டுவேன். அன்றைக்கு அந்த அறைக்குள் ஒருவரும் இருக்கவில்லை என்பதற்கு இப்போது நீயும் சாட்சி.

தை பிறந்ததும் அறையைக் கட்டத் தொடங்குகிறேன். பேத்தியின் பல்லுக்கு உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்புளிக்கச் சொல்.

இப்படிக்கு உன் அப்பா,
க. ஆழ்வாப்பிள்ளை